கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கும் புத்தியை நாய்க்குட்டியிடம் காட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பிறகு என்னைத் திட்டுங்கள்.

"ரெண்டு நாள் கூட்ரோட்டுல கட்டிப் போடு, பயம் தானா தெளிஞ்சிடும்." லாரி சத்தத்துக்கு நடுங்கும் குட்டி நாய்க்கு நம் ஊரில் சொல்லப்படும் வைத்தியம் இது. போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவிலும் இதே வைத்தியம்தான். வாலை அடிவயிற்றுக்குள் சுருட்டி, நாலு காலையும் ஊன்றி நிற்கும் பொமரேனியன் ஒன்றைக் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். யார் என்று எழுத மாட்டேன். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்பதை எழுதாமல் இருக்க மாட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேப்பூரை நினைவூட்டுகிறேன். சென்னை – திருச்சி நான்கு வழிச் சாலையும் விருத்தாசலம் – சேலம் சாலையும் சந்திக்கிற இடம் இது. ஆம்னி பஸ், கரும்பு லாரி, வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் வேன்கள் என்று இரவு பகல் ஓய்வில்லை. அந்த நாயின் உயரம் ஓரடி. அதன் கண்ணுக்கு நேரே தெரிவது லாரிச் சக்கரம். மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். பிரேக் கிறீச்சிடும்போது நம் காதில் விழாததும் அதன் காதில் விழும். அந்த இடத்தில் பயப்படாத நாய்க்குத்தான் ஏதோ கோளாறு என்று நான் சொல்வேன்.

"ரெண்டு நாள்ல அடங்கிடுச்சு சார், நாங்க கண்ணால பாத்தோம்" என்பார்கள். அடங்குவது வேறு, பயம் தெளிவது வேறு. 1967இல் அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்ற இருவர் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். தப்பவே முடியாதபடி மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு தப்ப வழி இருந்தபோதும் முயலாமல் அப்படியே படுத்துக் கிடந்தன. பார்ப்பவனுக்கு அது அமைதி. நாய்க்கு அது கைவிட்ட நிலை. பிரம்பைக் கண்டு வாய் மூடி உட்கார்ந்திருக்கும் பையன் பாடத்தைப் புரிந்துகொண்டான் என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை வகுப்பறையிலிருந்து விரட்டத்தான் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வந்தது. அங்கிருந்து விரட்டியதை வாசலில் கட்டியிருக்கும் நாயிடம் கொண்டுபோய் விடாதீர்கள்.

"எங்க அப்பா என்னைக் கிணத்துல தள்ளித்தான் நீச்சல் கத்துக்கொடுத்தார்" என்று ஒருவர் வருவார். பிழைத்து வந்தவர்தான் இந்தக் கதையைச் சொல்ல முடியும். "தெருநாய் பயப்படுதா?" என்பதற்கும் அதே பதில். தெருவில் பிறந்த குட்டி கண் திறந்த நாள் முதல் அந்தச் சத்தத்தில் வளர்கிறது. நாய்க்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான் உலகத்தைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் பருவம். அந்த வாரங்களை உங்கள் குட்டி நாலு சுவருக்குள் கழித்துவிட்டு வந்திருக்கிறது. மேலும், ரோட்டில் பழகாமல் போன தெருநாய்கள் எங்கே கிடக்கின்றன என்று விடியற்காலையில் பஸ் ஏறப் போகிறவர்களுக்குத் தெரியும்.

சரி, வழி என்ன? அது நூறு வருடப் பழைய வழி. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சின்னப் பையனின் பயத்தைப் போக்கினார். முயலை அவன் மடியில் போடவில்லை. அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரம் பார்த்துக் கூண்டைத் தூரத்தில் வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையனே முயலைத் தடவிக் கொடுத்தான்.

அதையே நம் ஊருக்கு மாற்றிச் சொல்கிறேன். ரோட்டுச் சத்தம் லேசாகக் கேட்கிற தூரத்தில், ஏதாவது ஒரு சந்தில் நில்லுங்கள். லாரி சத்தம் கேட்டதும் உப்பு போடாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. முதலில் சத்தம், பிறகு தீனி. இந்த வரிசை மாறக்கூடாது. தீனியை வாங்க மறுத்தாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, வாலைச் சுருட்டினாலோ, கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்னால் போங்கள். ஐந்து நிமிடம் போதும். பல நாள் நிம்மதியாக நின்ற பிறகு பத்தடி முன்னால். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம்.

கழுத்துப் பட்டை வேண்டாம், மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்கு மூச்சுக்குழல் நசியும் நோய் வரும் இயல்பு உண்டு, இழுத்தால் அது மோசமாகும். பயந்த நாய் பின்வாங்கித் தலையைப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டால், அடுத்த நொடி அது நான்கு வழிச் சாலையில். வெயில் காலத்தில் புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. திடீரென்று வந்த பயம் என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலியும் மூட்டு வலியும் பயமாக வெளிப்படும்.

கொஞ்சினால் பயம் கூடும் என்பதும் கட்டுக்கதை. அணைத்துக்கொண்டால் பயம் வளராது. ஆனால் ஒரு பெரிய அதிர்ச்சி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதே 1924இல் லெனின்கிராடில் வந்த வெள்ளத்தில் பாவ்லோவின் நாய்கள் கூண்டுக்குள் தத்தளித்து மீட்கப்பட்டன. சில நாய்கள் கற்றதையெல்லாம் இழந்தன. தேறி வந்த ஒரு நாய், பிறகு ஒருநாள் கதவுக்கடியில் தண்ணீர் கசிந்ததைப் பார்த்ததுமே மறுபடி நிலைகுலைந்தது. இத்தனைக்குப் பிறகும் உங்கள் நாய்க்குக் கூட்ரோடு பிடிக்கவில்லையென்றால் விடுங்கள். வயல் பக்கம் நடக்கட்டும். அது கூட்ரோட்டில் நின்று டீ குடிக்க வேண்டியதில்லை.

"மனுஷனுக்கே இங்க நாதியில்ல, நாய்க்கு இவ்வளவா?" என்பவர்களுக்கு: அந்த ஏர் ஹார்ன் கைக்குழந்தைக்கும் கேட்கிறது, இதய நோயாளிக்கும் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவுப்படி தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். பள்ளி, மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. என்னிடம் படித்தவர்களில் லாரி, பஸ் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்கள். ஊருக்குள் வரும்போதாவது அந்த ஏர் ஹார்னிலிருந்து கையை எடுங்கள்.

கடைசியாக, மிகக் கசப்பான ஒன்று. "பயந்தாங்கொள்ளி, உதவாது" என்று சலித்துப்போய் நாயை வண்டியில் ஏற்றி, சாலையோரம் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எதைக் கண்டு பயந்ததோ அங்கேயே கொண்டுபோய் விடுகிறார்கள். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். வளர்க்கப் பொறுமை இல்லாதவர்கள் வாங்காதீர்கள். வாங்கிவிட்டு முடியவில்லை என்றால், பொறுமை உள்ள ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். சிரிப்புப் பொம்மை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்