லயத்தையும் ஒரு படம் எடுங்கள்



இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கப் போகிறேன். டீச்சர் இங்கேயும் வீட்டுப்பாடம் கொடுக்க வந்துவிட்டாரே என்று சிரிக்காதீர்கள். அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் பழைய ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டுங்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள்.

என்ன இருக்கிறது? அண்ணன் கல்யாணம் இருக்கும். தங்கையின் சடங்கு இருக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவும் தீமிதியும் இருக்கும். பட்டணத்து ஸ்டூடியோவில், வரைந்த மலையும் அருவியும் பின்னால் தொங்க, தாத்தாவும் பாட்டியும் விறைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றும் இருக்கும்.

இனி, என்ன இல்லை என்று பாருங்கள். நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் வாசல் இருக்கிறதா? லயத்துக்கே பொதுவாக இருந்த தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? பெரட்டுக்களம்? ஆயாக்கொட்டகை? அம்மா வேலைக்குப் போன கோலத்தில் ஒரு படமாவது இருக்கிறதா?

என் வீட்டு ஆல்பத்தில் இல்லை. அது இல்லை என்று எனக்குத் தெரிய வைத்தவன் என் மாணவன் ஒருவன்.

சென்ற ஆண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், “தாத்தாவோ பாட்டியோ வேலை செய்யும் படம் ஒன்று கொண்டு வாருங்கள்” என்று சொல்லியிருந்தேன். வந்தவை எல்லாம் கல்யாணப் படங்கள். ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினான். பாட்டியின் அடையாளக் கார்டை நகல் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தான். கழுத்துக்குக் கீழே அவனே வரைந்திருந்தான். நெற்றியில் விளக்கு, தோளில் காண்டா, இரு பக்கமும் வாளி, கையில் உளி. “படம் இல்ல டீச்சர். பாட்டி சொல்லச் சொல்ல நான் வரைஞ்சேன்” என்றான்.

அன்று இரவு என் ஆல்பத்தை எடுத்தேன். என் அம்மா 31 ஆண்டுகள் பால் வெட்டியவர். ஆல்பத்தில் அவர் 14 படங்களில் இருக்கிறார். எல்லாவற்றிலும் பட்டுச்சேலை, இல்லாவிட்டால் பூப்போட்ட சேலை. வாளியோடு ஒன்றுகூட இல்லை.

ஒரு படம் வந்திருக்க வேண்டும். 1991ஆம் ஆண்டு, பட்டணத்தில் வேலை பார்த்த என் மாமா புதுக் கேமரா ஒன்றோடு வந்திருந்தார். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா லயத்துக்கு வந்துகொண்டிருந்தார். பால்கறை ஏறிய முழுக்கைச் சட்டை, பழைய கைலி, தலையில் துணிக்கட்டு. “அக்கா, அப்படியே நில்லுங்க” என்றார் மாமா. “ஐயோ, இந்தக் கோலத்திலா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க!” என்று அம்மா வீட்டுக்குள் ஓடிவிட்டார். குளித்து, சேலை மாற்றி, பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றார். அந்தப் படம் இருக்கிறது. யார் வீட்டு விசேஷத்துக்கோ கிளம்பியவர் போல நிற்கிறார்.

அம்மா 2012இல் காலமானார். அதற்கு முன்பே, 2003இல், எங்கள் தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்தார்கள். இன்று அங்கே இரட்டை மாடி வீடுகள். ஒருமுறை என் மகளை அழைத்துப் போனேன். “நம்ம வீடு எதும்மா?” என்று கேட்டாள். ஒரு கார் நிற்கும் இடத்தைக் காட்டி, “இங்கேதான் இருக்கும்” என்றேன். அதுவும் உறுதியில்லை. பாட்டி வேலைக்குப் போகும்போது எப்படி இருப்பார் என்று கேட்டாள். அந்தப் பையனைப் போல நானும் வரைந்துதான் காட்ட வேண்டும். எனக்கு வரைய வராது.

நம்மவர்கள் ஏன் இப்படிப்பட்ட படங்களை எடுத்து வைக்கவில்லை? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. காரணங்கள் இருந்தன.

கேமரா எல்லார் வீட்டிலும் இல்லை. ஒரு பிலிம் சுருளில் 36 படம்தான் வரும். அதைக் கழுவிப் படமாக்கவும் காசு வேண்டும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்குமே போதாதபோது, குழாயடியை யார் எடுப்பார்கள்? இன்னொன்று, நம் வேலை இருட்டில் நடந்த வேலை. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியுமுன்பே மரத்தடியில் நிற்க வேண்டும். அந்த இருட்டில் அன்றைய கேமராவில் என்ன விழும்? இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் கூச்சம். நாம் உழைத்த கோலம் படத்துக்கு உரியதல்ல என்று நாமே நினைத்துவிட்டோம்.

மற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்து மலாயாப் பட அஞ்சலட்டைகளில் பால் வெட்டும் நம்மவர்கள் இருக்கிறார்கள். கீழே “தமிழ்க் கூலிகள்” என்று அச்சிட்டிருப்பார்கள். பெயர் இருக்காது. பிறகு அவசரகாலம் வந்தது. 1948இல் மலாயாவில் மக்களைப் பதிவு செய்யத் தொடங்கி, படமும் கைரேகையும் வைத்து அடையாளக் கார்டு கொடுத்தார்கள். நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படமே அதுதான். அதில் பெயர் இருந்தது. ஆனால் அவர் யார், என்ன உழைத்தார் என்பது இல்லை. பெயரும் உழைப்பும் சேர்ந்த படத்தை நாம்தான் எடுக்க வேண்டும்.

இன்று அதற்குத் தடை ஏது? வீட்டுக்கு இரண்டு கைப்பேசி இருக்கிறது. காலை வணக்கப் பூக்களையும் சாப்பாட்டுத் தட்டையும் எடுக்கிறோம். தோட்டத்திலேயே இருப்பவர்கள் கொஞ்சம் வெளியே வந்து பாருங்கள். லயத்தின் ஒரு கோடியில் நின்று, வாசல்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும்படி ஒன்று. குழாயடி. கோயில், கோயிலுக்குப் பக்கத்து மரம். ஸ்டோர், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம். ரப்பர் மரம் மிஞ்சியிருந்தால், வெட்டுக்காயும் பால் மங்கும் தெரியக் கிட்டப் போய் ஒன்று. செம்பனைக் காடானால் குலை அறுக்கும் நீண்ட அரிவாளோடு அப்பா. சமையலறை அடுப்பு. சுவரில் மாட்டியிருக்கும் சாமி படங்கள்.

தாமானுக்குக் குடிவந்துவிட்டவர்களும் கைகட்டி இருக்க வேண்டாம். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த அம்மியோ உளியோ மூலையில் கிடக்கும். அதைப் பாட்டியின் கையில் கொடுத்து எடுங்கள். இப்போது இருக்கும் தெருவையும் எடுங்கள். இதுவும் ஒரு நாள் மாறும்.

நான் படக்கலை படித்தவள் அல்லள். பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். எடுக்கும்முன் கைப்பேசியின் கண்ணாடியைச் சுத்தமான துணியால் துடையுங்கள். நம் கை எண்ணெய்க் கை. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரையும், மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும் வரையும் வெளிச்சம் இதமாக இருக்கும். உச்சிவெயிலில் எடுத்தால் கண்கள் குழிக்குள் போய்விடும். ஆளைச் சூரியனுக்கு நேரே நிறுத்திக் கண் கூச வைக்காதீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழட்டும். திரையை விரலால் பெரிதாக்குவதைவிட நாலடி முன்னே நடப்பது நல்லது. ஆளை மட்டும் எடுக்காமல் பின்னால் இருக்கும் வீட்டையும் சேர்த்து எடுங்கள். நாளைக்குப் பிள்ளைகள் தேடப்போவது அந்த வீட்டையும்தான்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். யாரையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. அடுத்த வீட்டாரானாலும், வேறு நாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்பவரானாலும், “ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எடுத்த பிறகு பாதி வேலைதான் முடிந்தது. படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பெயர் இல்லாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும். பழைய படங்களை வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க நினைப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பழைய படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். பென்சில் பிடிக்காத தாளானால் தனித்தாளில் எழுதி அதே உறையில் வையுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். பக்கத்தோடு ஜன்னலோரம் வைத்து, விளக்கு மின்னாமல், கைப்பேசியில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியை மட்டும் நம்பாதீர்கள். அது தொலைந்தால் எல்லாம் போயிற்று. சொந்தக்காரர் இருவருக்காவது அனுப்பி வையுங்கள். புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும். நல்லதாகப் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டும் வையுங்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கம் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, நனைந்த மெத்தைகளோடு ஆல்பங்களையும் தெருவில் குவித்திருந்ததைப் பார்த்தேன். நனைந்த படங்களை உடனே எறிய வேண்டியதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் காய்வதற்குள் சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு மெதுவாகப் பிரித்து, படம் மேலே தெரியும்படி நிழலில் உலர்த்தினால் பலவற்றைக் காப்பாற்றலாம். ஆல்பத்தைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் உயரத்தில் வைப்பது இன்னும் நல்லது.

சரி, வீட்டுப்பாடத்துக்கு வருவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்ததும், உங்கள் அம்மாவையோ பாட்டியையோ வாசலுக்கு அழையுங்கள். அவர் உடனே, “இந்தக் கோலத்திலா? இரு, சேலை மாத்திட்டு வர்றேன்” என்று உள்ளே திரும்புவார்.

விடாதீர்கள். “இந்தக் கோலத்தில்தாம்மா வேணும்” என்று கையைப் பிடித்து நிறுத்தி ஒன்று எடுங்கள். பிறகு அவர் சேலை மாற்றிக்கொண்டு வரட்டும். அதையும் ஒன்று எடுங்கள்.