ஈயடிச்சான் காப்பி அடித்தால் என்ன குறைச்சல்?

ஆயில் பெயிண்டிங் கற்க ஆரம்பித்த ஒருவர் பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைகிறார் என்று வையுங்கள். உடனே நாலு பேர் வந்துவிடுவார்கள். "இது ஈயடிச்சான் காப்பி ஆச்சே... சொந்தமா ஏதாவது வரையக்கூடாதா?" கேட்பதற்கு நல்ல அறிவுரை மாதிரிதான் இருக்கும். ஆனால் இப்போதுதான் பழகத் தொடங்கிய கையை இதுவே முடக்கிப் போட்டுவிடும்.

ஃபெர்டினாண்ட் ஹோட்லர் 1889-90ல் வரைந்த 'இரவு' ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் சுமார் 3 மீட்டர். ஆணும் பெண்ணுமாகச் சிலர் தரையில் உறங்குகிறார்கள். நடுவில் ஒருவன் மட்டும் திடுக்கிட்டு விழிக்கிறான். கறுப்புத் துணி போர்த்திய உருவம் ஒன்று அவன் மேல் குந்தியிருக்கிறது. மரணம்! விழித்தவனின் முகம் ஹோட்லரின் முகமேதான். பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1891ல் ஜெனீவா கண்காட்சியிலிருந்து இந்தப் படத்தை ஆபாசம் என்று தூக்கிவிட்டார்கள். அவர் அசரவில்லை. வேறு இடத்தில் வைத்து, கட்டணம் வாங்கிக் காட்டினார்.

இதைவிடச் சொந்தமான படம் உண்டா? சரி, இவர் தொழில் கற்றது எப்படி? சிறுவயதில் துன் நகரில், சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் இயற்கைக் காட்சிகளை வரைந்து தள்ளும் பட்டறையில். பிறகு ஜெனீவா அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, கலாம் என்பவரின் ஓவியங்களைக் காப்பி செய்தபடி! அங்கேதான் பார்த்தலமி மென் என்ற ஆசிரியரின் கண்ணில் பட்டு, அவருக்கு மாணவரானார். "சொந்தமாக வரை" என்று யாராவது அன்று துரத்தியிருந்தால்?

அதே 'இரவை' இன்று ஒரு மாணவர் காப்பி செய்யட்டுமே. முதல் நாளே அடி விழும். இரவு என்றால் கறுப்பு என்று ட்யூபைப் பிதுக்குவார். படம் நெடுகக் கருந்துணிகள். எல்லாவற்றையும் ஒரே கறுப்பால் மெழுகினால் மரணமும் போர்வையும் ஒன்றாகிவிடும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்து, நீலம் தூக்கலாக ஒரு இருட்டு, பழுப்பு தூக்கலாக ஒரு இருட்டு என்று பிரிக்க அப்போதுதான் தெரியவரும். எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடியது மேலே; மாற்றினால் பின்னாளில் வெடிக்கும். ஆயில் பெயிண்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அதற்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். உறங்குபவர்களின் உடல் தளர்ந்து கிடக்கிறது, விழித்தவனின் உடல் விறைத்திருக்கிறது. அந்த வித்தியாசம் கோட்டில் வரவில்லை என்றால் படத்தில் பயமும் வராது.

பரீட்சையில் பிட் அடிப்பவருக்கு மூளை வேலை செய்யத் தேவையில்லை. இங்கே ஒவ்வொரு தீற்றலும் "ஏன் இப்படி?" என்று கேட்கிறது. பிட்டும் இதுவும் ஒன்றா?

ஒன்று மட்டும் தப்பு. மூலத்தை மறைத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது. அது திருட்டு, சந்தேகமே இல்லை. பாரிஸின் லூவர் 1793லிருந்தே காப்பி செய்பவர்களை உள்ளே விடுகிறது. காப்பியின் அளவு மட்டும் மூலத்தின் அளவாக இருக்கக்கூடாது என்பது அங்கே விதி. போலியைத் தடுக்கத்தான் அந்த விதி, படிப்பைத் தடுக்க அல்ல.

'சொந்தமாக வரை' என்பவர்களே, சொந்தமாகப் பேசும் முன் குழந்தை யார் பேச்சைத் திருப்பிச் சொல்கிறது?