ரிவ்யூ மீட்டிங்கில் வாய் திறப்பது யார்?



நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டும் நேரத்தில், ஏதோ ஓர் ஊரில் கிராம சுகாதார செவிலியர் ஒருவருக்குப் பதவி உயர்வு ஆணை வந்திருக்கும். இத்தனை வருடம் துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, புதன்கிழமை தோறும் தடுப்பூசி போட்டு, வீடு வீடாக நடந்தவர், இனி பகுதி சுகாதார செவிலியர். பக்கத்து நிலையத்துத் தோழியோடு நேற்று வரை ஒரே பேருந்தில் வந்தார். இன்று முதல் அந்தத் தோழியின் பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். “வா, போ” என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் திடீரென்று ஒரு மேசை முளைக்கிறது.

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் இளம் டாக்டரின் நிலைமையும் இதுதான். சமவெளியில் ஒரு நிலையத்துக்கு 30,000 பேர் என்பது கணக்கு. அத்தனை பேரின் நலத்துக்கும் கையெழுத்துப் போடுபவர் அவர். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களில் பலர் அவருடைய அம்மா வயதுக்காரர்கள். எந்த வீட்டில் மருமகளை ஸ்கேன் எடுக்க அனுப்ப மாட்டார்கள், எந்த வீட்டுக்காரர் டி.பி. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குடிக்கப் போவார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். டாக்டருக்குத் தெரியாது.

இவர்களுக்கு ‘தலைமைப் பண்பு’ பயிற்சி என்று நடக்கும் சில வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். குளிரூட்டிய அரங்கு, பவர்பாயின்ட், கழுகு தன் அலகை உடைத்துக்கொண்டு புதுப்பிறவி எடுக்கும் கதை. (கழுகு அப்படியெல்லாம் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.) அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் செவிலியருக்கு மறுநாள் காலையில் எது உதவும் என்பதுதான் என் கேள்வி.

தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் ஒரு தாள் இருக்கும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து அதில் எழுத வேண்டும். 2 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. சில இடங்களில் அந்தத் தாள் மாதம் முழுக்க 4, 4, 5, 4 என்று போகும். ஒரே பேனா, ஒரே சாய்வு எழுத்து. கதவைத் திறக்கவே ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைக்கும் நேராக ஒரு 4.

இதைப் பார்த்துவிட்டு “வெரி குட்” என்று சொல்லிப் போகும் மேற்பார்வையாளர் உண்டு. தாளைக் கிழித்தெறிந்து நாலு பேர் முன்னால் சத்தம் போடுபவரும் உண்டு. இரண்டுமே வீண். மூன்றாவது வகையினரும் இருக்கிறார்கள். அவர்கள் பெட்டியைத் திறந்து, அதன் பொறுப்பில் இருக்கும் அம்மாவோடு சேர்ந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார்கள். மருந்துக் குப்பியின் மேல் வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம் கருத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகுதான், “ஞாயித்துக்கிழமை சாவி யார்கிட்டம்மா இருக்கும்?” என்று கேட்பார்கள். சாவி வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருப்பதில்லை என்ற உண்மை அப்போதுதான் வெளியே வரும். இன்னொரு சாவி செய்து கொடுத்தால் தீர்ந்துபோகும் பிரச்சினை. அதைச் சொல்ல இத்தனை மாதம் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பெரிய மருத்துவமனையில் தலைமை மருத்துவர் ஒரு சுற்று வந்தால் வார்டில் நடப்பது அவர் கண்ணில் பட்டுவிடும். வட்டார மருத்துவ அலுவலருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய வேலை ஆயிரக்கணக்கான வீடுகளின் திண்ணைகளில், அவர் இல்லாத நேரத்தில் நடக்கிறது. கீழே இருப்பவர்கள் சொல்வது மட்டுமே அவருக்குக் கண்ணும் காதும். அவர்கள் பயந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்படி இருக்க, மாதாந்திர ரிவ்யூ மீட்டிங் எப்படி நடக்கிறது? திரையில் எக்செல் அட்டவணை. கடைசி இடத்தில் இருக்கும் நிலையத்துக்குச் சிவப்பு நிறம். “எழுந்து நில்லுங்க. ஏன் குறைஞ்சிருக்கு?” “சரி பண்ணிடறோம் சார்.” அடுத்த மாதம் எண் சரியாகிவிடும். எப்படிச் சரியானது என்று எவரும் கேட்பதில்லை.

இதே தமிழ்நாட்டில்தான் இதற்கு நேர்மாறான ஒரு நல்ல ஏற்பாடும் உருவானது. பிரசவத்தையொட்டித் தாய் இறந்தால், அந்த மரணம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் முறையை 1994-லேயே இங்கே தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் பேசுவார்கள். ரத்தப்போக்கு தொடங்கியது எத்தனை மணிக்கு, வண்டி வந்தது எப்போது, முதலில் போன மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். மாவட்ட ஆட்சியர் முன்னிலையிலும் ஆய்வு நடக்கும். தாமதம் எங்கே என்று தேட வேண்டும், பழி யார் மேல் என்று தேடக் கூடாது என்பதே விதி. 2018-20 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. தணிக்கை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். மூன்று செவிலியர்களோடு 24 மணி நேரமும் இயங்கும் நிலையங்கள், 108 வண்டி, ரத்த வங்கி எல்லாம் சேர்ந்துதான் காரணம். ஆனால் எங்கே என்ன குறைகிறது என்று சொல்லித் தந்ததில் அந்தக் கேள்விகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏட்டில் உள்ள அந்த விதி எல்லா இடத்திலும் காப்பாற்றப்படுகிறதா என்றால், இல்லை. கூட்டம் முடிந்ததும் யாருக்காவது மெமோ, 17(பி) ஒழுங்கு நடவடிக்கை என்று போனால், அடுத்த மரணத்தில் நேரங்கள் எல்லாம் பதிவேட்டில் ஒழுங்காக இருக்கும். நடந்தது மட்டும் அதில் இருக்காது.

கீழே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்கும் விஷயத்தில் எனக்குப் பிடித்த முன்னோடிகள் வேலூர் சி.எம்.சி.யில் படித்த ஒரு தம்பதி: ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே. 1970-ல் மகாராஷ்டிரத்தின் வறண்ட பூமியான ஜாம்கேடில் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பிறகு அந்தந்த ஊரே தேர்ந்தெடுத்த பெண்களை அழைத்துப் பழக்கினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலித் பெண்களும் இருந்தார்கள். தன் ஊரில் என்ன நடந்தது என்று அந்தப் பெண் சொல்ல, டாக்டர் உட்கார்ந்து கேட்டார். 1979-ல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. திட்டம் எடுபடவில்லை என்று தெரிந்ததும் அதை மாற்றிக்கொண்டார்களே, அதைத்தான் விருதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தமிழ்நாட்டின் சுகாதாரப் பணி ஏணியில் இன்னொரு படியைச் சேர்த்திருக்கிறது. ரத்த அழுத்தக் கருவியோடு வீடு தேடிப் போகும் பெண் தன்னார்வலர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருபவர்கள். சர்க்கரை மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவர் யார் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

எனவே வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும், புதிதாகப் பொறுப்பேற்கும் செவிலியர் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மீட்டிங்கில் அட்டவணையைத் திறப்பதற்கு முன், இருப்பதிலேயே தூரத்து நிலையத்துச் செவிலியரை முதலில் பேச விடுங்கள். பத்து நிமிடம் குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது, அது சாவியாக இருந்தாலும், அந்த வாரமே செய்து கொடுங்கள்.

களத்தில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட விஷயம் ஏதாவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அதற்காக ஒதுக்கியிருக்கிறோம். பெயர், ஊர் வெளியிட வேண்டாம் என்றால் கடிதத்தின் தலைப்பில் குறிப்பிட்டுவிடுங்கள், வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்