யாருடைய கஷ்டம்?

தென்கேரளத்தில் பொழியூர், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கடும் ஊனத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் தாயின் காதுபடவே சொல்வார்கள்: “கெடந்து கஷ்டப்படாம போய்ச் சேர்ந்தா அதுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.” இரக்கத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அது கொடிய பேச்சு. பெற்றவர்கள் ஆபரேஷன் வேண்டாமென்று கையெழுத்துப் போடுவதற்கு அந்த ஒரு பேச்சு போதும்.

1982-இல் அமெரிக்காவின் புளூமிங்டன் நகரில் டவுன் சிண்ட்ரோமுடன் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உணவுக்குழாய் வயிற்றோடு சேர்ந்திருக்கவில்லை. ஆபரேஷனில் சரிசெய்யக்கூடிய குறைதான். பெற்றோர் மறுத்தார்கள், நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. பாலின்றி, ஒரு வாரத்துக்குள் குழந்தை இறந்தது. டவுன் சிண்ட்ரோம் இல்லாத குழந்தைக்கு அதே அடைப்பு இருந்திருந்தால் அன்றைக்கே கத்தியை எடுத்திருப்பார்கள். பிறகு எழுந்த கொந்தளிப்பில், இப்படிச் சிகிச்சை மறுப்பதற்கு எதிராக 1984-இல் அந்நாடு சட்டமே இயற்றியது.

இங்கே என்ன நிலை? டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். பிறவி இதயக் குறைகளுக்குக் கேரள அரசின் ‘ஹிருத்யம்’ திட்டம் 2017 முதல் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. பொழியூரிலிருந்து திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் எட்டாத் தொலைவில் இல்லை. வழி இருக்கும்போது ‘விட்டுவிடலாம்’ என்பதைக் கருணை என்று என்னால் ஏற்க முடியாது.

அந்தக் குழந்தை படப்போகும் கஷ்டத்தை நாம் எப்படி அளக்கிறோம்? கனடாவில் சரோஜ் சைகல் குழுவினர் அளந்து பார்த்து 1999-இல் வெளியிட்டார்கள். கடும் குறைபாடுள்ள வாழ்வுக்கு டாக்டர்களும் நர்ஸுகளும் தந்த மதிப்பைவிட, ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தந்த மதிப்பு அதிகம். வெளியே நின்று பார்க்கிற கண்ணுக்குத்தான் அந்த வாழ்வு அவ்வளவு இருட்டாகத் தெரிகிறது.

எல்லாக் குழந்தையையும் வெண்டிலேட்டரில் கட்டிப்போடச் சொல்லவில்லை. மூளையின் பெரும்பகுதியே உருவாகாமல் பிறந்த சிசுவுக்கு எந்த மருந்தும் பலிக்காது. அங்கே கருவியை எடுத்துவிட்டு, வலி தெரியாமல் பார்த்துக்கொண்டு, தாயின் மடியில் கொடுப்பதே அறம். பலனில்லாத உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த 2018-இல் உச்ச நீதிமன்றமும் வழி திறந்தது. வலிதணிப்புச் சிகிச்சைக்கென 2008-லேயே கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். ஆனால், சிகிச்சை பலிக்குமா என்பது ஒரு கேள்வி; பிழைத்தால் ஊனத்தோடு வாழுமே என்பது வேறு கேள்வி. இரண்டாவதை முதலாவதன் போர்வைக்குள் ஒளித்துவைக்கக் கூடாது.

பெற்றோரின் பயம் பொய்யில்லை. கணவன் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், தாய் ஆயுள் முழுக்கக் கட்டிலருகே இருக்கவேண்டியிருக்கும். அப்படிப் பராமரிப்பவர்களுக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் அரசு நிர்ணயித்த உதவி மாதம் 600 ரூபாய். பிரசவ வார்டில் வந்து ‘போய்ச் சேரட்டும்’ என்கிறவர்கள், அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று இந்த 600 ரூபாயைப் பற்றிப் பேசட்டும்.