கைக்குழந்தையும் சங்கத் தவணையும்

நமது சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் பட்டு விலை, சரிகைத் தரம், கூலி விகிதம், தேங்கிய சரக்கு, தள்ளுபடிப் பாக்கி ஆகியவை ஆண்டுதோறும் பேசப்படுகின்றன. அவை பேச வேண்டியவைதாம். ஆனால் பிள்ளை பெற்ற ஓர் அங்கத்தினர் மறுபடியும் தறியில் உட்காரும்போது அவருக்கு எவ்வளவு வேலை கொடுப்பது, எத்தனை நாள் தவணை அளிப்பது என்ற பொருள் எந்த நிகழ்ச்சி நிரலிலும் இடம் பெற்றதாக நான் கண்டதில்லை. சங்கங்களை ஆய்வு செய்யும் உத்தியோகத்தில் உள்ள நான், இவ்விஷயத்தை அங்கத்தினர்களின் யோசனைக்கு வைக்க விரும்புகிறேன்.

இது ஒரு சிலருடைய குறை என்று எண்ணிவிடலாகாது. 2019–20ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலைச் சார்ந்தவர்கள் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். பெண்களின் உழைப்பில் நிற்கும் ஒரு தொழிலில், பிரசவம் என்பது எதிர்பாராத விபத்தைப்போல் நடத்தப்படுமானால் அது தொழிலுக்கே கேடு.

சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது?

1919ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் முதல் மகாநாட்டிலேயே, பிரசவத்திற்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வார ஓய்வும், பாலூட்டுவதற்கு நாளொன்றுக்கு இருமுறை அரை மணி நேரமும் தாய்மாருக்கு அளிக்க வேண்டுமென்று உடன்படிக்கை செய்யப்பட்டது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டில் மகப்பேற்று நலச் சட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுமுறை கிடைத்தது. அவ்விதிகள் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளன. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கு நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் உண்டு. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். வேலையின் தன்மை இடங்கொடுத்தால், இருதரப்புச் சம்மதத்தின் பேரில், விடுமுறைக்குப் பின்னும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆயினும் தாயானவள் சில காலம் குறைந்த நேரம் வேலை செய்யக் கேட்பது பற்றிச் சட்டம் ஒன்றும் கூறவில்லை.

சட்டம் கூறுகிற அளவும் யாருக்கு? சம்பளம் பெறும் ஊழியருக்கு. சங்கத்து நெசவாளர் சம்பள ஊழியர் அல்லர். அவர் அங்கத்தினர், சங்கத்தின் பங்குதாரர். தம் வீட்டுத் தறியில் நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர். ஆகவே சட்டத்தின் நிழல் நடைமுறையில் அவர்மேல் விழுவதில்லை. 2018ஆம் ஆண்டில் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஏழைத் தாய்மாருக்கு ரொக்கமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைப்பது பெரிய ஆறுதல். அது தாயின் உணவுக்கு வகை செய்கிறது. தறி வேலையைப் பற்றிய ஏற்பாடு சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தமிழக அரசு ஊழியரான பெண்களுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு ஓராண்டுச் சம்பள விடுமுறை 2021ஆம் ஆண்டு முதல் உண்டு. அவ்விடுமுறையை முழுவதும் பெற்று வேலைக்குத் திரும்பியவள் நான். கூலிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறவளுக்கு ஓராண்டு. அப்பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவளுக்கு ஒரு நாளும் இல்லை. இவ்வித்தியாசம் என் மனத்தை உறுத்துவதே இக்கட்டுரைக்குக் காரணம்.

வீட்டுத் தறியில் நேரக் கட்டுப்பாடு ஏது?

“தறி வீட்டில் இருக்கிறது. குழந்தை பக்கத்தில் தூளியில் தூங்குகிறது. வேண்டும்போது நெய்யலாம், வேண்டாதபோது எழுந்திருக்கலாம். இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. தறி மேடையை அறிந்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பது இடுப்புக்கும் வயிற்றுக்கும் ஓயாத வேலை. அறுவைச் சிகிச்சையால் பிள்ளை பெற்றவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை. மணிக்கொரு தரம் எழுந்தால் அடிப்பின் சீர் கெடும். சீர் கெட்டால் சேலையில் பட்டை விழும். பட்டை விழுந்த சேலைக்குச் சங்கத்தில் கூலி பிடிப்பார்கள்.

ஆலைத் தொழிலாளியின் வேலை நேரத்தைக் கடிகாரம் நிர்ணயிக்கிறது. நெசவாளரின் வேலை நேரத்தை நிர்ணயிப்பது பாவின் நீளமும் சங்கத்தின் தவணையுமே. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சேலைகளுக்கான பாவு ஒருங்கே கொடுக்கப்படுகிறது. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாள் முதல் இருபது நாள் வரை செல்லும். தவணைக்குள் சேலைகள் வராவிட்டால், விலையுயர்ந்த பட்டும் சரிகையும் நெசவாளர் வசம் முடங்கிக் கிடப்பதாகக் கணக்கில் ஏறும். அடுத்த பாவு நிற்கும்.

வட்டாரச் சங்கம் ஒன்றில் ஆய்வின்போது இத்தகைய பதிவொன்றைக் கண்டேன். தவணை தவறியவர் என்று குறித்து, ஓர் அம்மாளுக்கு அடுத்த பாவு இரண்டு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விசாரித்ததில் அவருக்கு நான்கு மாதக் கைக்குழந்தை இருப்பது தெரிந்தது. நிர்வாகக் குழுவினர் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் முன் இருந்த பதிவேட்டில் தவணை தவறியதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இல்லை. அந்த அம்மாளுக்கும் முன்கூட்டிக் கேட்கலாம் என்பது தெரியவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்வது என்பதற்கு விதியும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல வீடுகளில் தறி கணவன் பெயரில் இருக்கிறது. தார் சுற்றுவதும், இழை அறுந்தால் பிணைப்பதும், கோர்வைக் கரைக்கு எதிர்ப்பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுப்பதும் மனைவியின் பங்கு. அவள் படுத்துவிட்டால் அத்தறியும் பாதி நின்றுவிடுகிறது. ஆகவே வேலைப்புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பாராமல், வீட்டில் கைக்குழந்தை உண்டா என்பதையே பார்க்க வேண்டும்.

பிறர் செய்த வழி

கூட்டுறவு இயக்கத்துக்கு இது புதிய விஷயம் அன்று. இங்கிலாந்தில் 1883ஆம் ஆண்டில் தோன்றிய பெண்கள் கூட்டுறவுக் கழகம், கூட்டுறவுப் பண்டகசாலை அங்கத்தினர் வீட்டுப் பெண்களைத் திரட்டியது. 1911ஆம் ஆண்டுத் தேசிய இன்ஷூரன்ஸ் சட்டத்தில் பிரசவ உதவி இடம் பெற அது வாதாடி வென்றது. 1913இல் அவ்வுதவித் தொகை கணவனுக்கன்றித் தாய்க்கே உரியது என்று திருத்தம் வரவும் அதுவே உழைத்தது. உழைக்கும் தாய்மார் எழுதிய கடிதங்களைத் திரட்டி 1915இல் நூலாகவும் வெளியிட்டது.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டில் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனைக் கொண்டு தொடங்கிய லிஜ்ஜத் அப்பள ஸ்தாபனத்தைப் பாருங்கள். பிசைந்த மாவை நிலையத்தில் வாங்கிச் சென்று, வீட்டில் அப்பளம் இட்டு, திரும்பக் கொடுத்து, அளவுக்குத் தக்க கூலி பெறுகிறார்கள். வேலை சிறு சிறு பங்காக இருப்பதனால் குழந்தையுள்ளவருக்கும் அது ஒத்துவருகிறது. நமது பாவு பெரிய பங்கு. நெசவாளத் தாய்க்கு நேரச் சலுகை என்றால், அப்பங்கைச் சிறிதாக்குவதும் தவணையை நீட்டுவதுமே பொருள்.

வெளிநாடுகளில் சட்டமே வழி வகுத்திருக்கிறது. சுவீடனில் குழந்தைக்கு எட்டு வயதாகும் வரை பெற்றோர் வேலை நேரத்தில் கால்பங்கு வரை குறைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வேலை உண்டு. பிரிட்டனில் சிறு குழந்தைகளின் பெற்றோர்க்கு, வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்கும் உரிமை 2003இல் வந்தது. 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே எவரும் கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். எழுதிக் கேட்பது, காரணத்தோடு பதில் பெறுவது என்னும் இம்முறையை மேற்கொள்ளச் சங்கங்களுக்குச் சட்டத்தின் உத்தரவு தேவையில்லை.

சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, பிரசவத்துக்குப் பின் ஓராண்டு வரை, கேட்டுக்கொள்ளும் நெசவாளர் வீட்டுக்குத் தவணையை இரட்டிப்பாக்கலாம். இரண்டாவது, அக்காலத்தில் கோர்வைக்குப் பதிலாக, துணையாள் வேண்டாத ஒற்றை நாடா ரகத்தை ஒதுக்கலாம். மூன்றாவது, விரும்புவோருக்கு ஒன்றிரண்டு சேலைக்கான குறும்பாவு கொடுக்கலாம். பாவு குறுகினாலும் பிணைக்கும் வேலை குறையாது என்பது உண்மை. அந்தப் பிணைப்புக் கூலியின் அதிகச் செலவைச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து ஏற்கலாம். நான்காவது, அவ்வாண்டில் தறி மந்தமாக ஓடியதைக் காரணமாகக் கொண்டு, போனஸிலோ, நலத்திட்டங்களிலோ, அடுத்த வேலையின் முறையிலோ அவரைப் பின்தள்ளலாகாது.

சங்க அலுவலகத்திலும் விற்பனை நிலையத்திலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்களுக்கு, சட்ட விடுமுறை முடிந்தபின் சில மாதம் அரைநாள் வேலையும் அதற்குத் தக்க சம்பளமும் என்று ஏற்பாடு செய்யலாம். எந்தத் தேதியில் முழு வேலைக்குத் திரும்புவார் என்பதை உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தற்காலிகக் குறைப்பு நிரந்தரக் குறைப்பாகிவிடும்.

ஆட்சேபணைகள்

உற்பத்தி குறைந்துவிடும் என்பது முதல் ஆட்சேபணை. கணக்கிட்டே பார்ப்போம். ஒரு சங்கத்தில் 200 தறிகள் ஓடுவதாகவும், தறிக்கு மாதம் இரண்டு சேலை வருவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 சேலை. ஒரே சமயத்தில் எட்டு வீடுகளில் கைக்குழந்தை இருந்து, எட்டுத் தறிகளும் பாதி வேலை செய்தால் 392 சேலை வரும். குறைவு நூற்றுக்கு இரண்டு. அந்த எட்டுப் பேருக்கும் பாவை நிறுத்தினால் வருவது 384. ஆகவே கண்டிப்பினால் சங்கத்துக்கு நேரும் நஷ்டம், சலுகையினால் நேருவதைப்போல் இருமடங்கு. மனம் வெறுத்து அந்த அம்மாள் தனி வியாபாரியிடம் போய்விட்டால், அல்லது தறியையே விட்டுவிட்டால், அந்த நஷ்டத்துக்கு முடிவே இல்லை.

சரக்கு முடங்குமே, ஆய்வில் கேள்வி வருமே என்பது இரண்டாவது. ஆய்வாளர் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்விக்கு இடமாவது காரணமில்லாத தாமதம். விண்ணப்பமும், நிர்வாகக் குழுவின் தீர்மானமும், புதிய தவணைத் தேதியும் பதிவேட்டில் இருந்தால் அது ஒழுங்கான கணக்கு.

ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்பது மூன்றாவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியில் நீர் ஊறுகிறது; பாவைத் தெருவில் விரிக்க முடிவதில்லை. அப்போது தவணை தானாகத் தள்ளிப் போகிறது; யாரும் ஆட்சேபிப்பதில்லை. மழைக்கு இசைந்து கொடுக்கும் சங்கம் மகவுக்கும் இசைந்து கொடுக்கலாம். மழையாவது எல்லாத் தறிகளையும் நிறுத்துகிறது. பிரசவம் ஒரு வீட்டில் என்றோ ஒரு முறை வருவது.

விளைவிப்போர் பங்கு

இப்பத்திரிகையை வாசிக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். பட்டுப்புழு வளர்ப்பு ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 28 நாள். புழுவுக்குத் தழையிடும் வேளை தவறக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்று புழு பசியாறாமல் இராது. ஆனால் இரண்டாவது தோலுரிப்பு வரை இளம்புழுவை மையத்திலேயே வளர்த்துக் கொடுக்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. அதனால் முதல் எட்டுப் பத்து நாள் உழைப்பு மிச்சம். கைக்குழந்தையுள்ள வீட்டினர் வழக்கத்தில் பாதி முட்டைத் தொகுதிக்கு மட்டும் இளம்புழு வாங்கினால் தொழிலை விடாமலே ஓய்வும் பெறலாம். தென்னேரி ஏரிப் பாசனத்தில் நடவுக்கும் களைக்கும் போகும் தாய்மாருக்கு, வெயிலேறும் முன் முடியும் அரைநாள் வேலையை முறையாகப் பேசிக்கொள்வதும் இதே வழியைச் சேர்ந்தது.

கேட்கும் முறை

கேட்கும் அங்கத்தினர் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுப்பது நலம். எந்த மாதத்திலிருந்து மறுபடி நெய்ய உத்தேசம், எந்த ரகம், மாதத்துக்கு எவ்வளவு, எத்தனை மாதம் வரை என்ற நான்கு விவரங்கள் இருந்தால் போதும். எழுதத் தெரியாதவருக்குக் காரியதரிசி எழுதிக் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்திலேயே எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுப்பதானால் காரணத்தையும், வேறு எது கொடுக்க இயலும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேட்பதற்கு எந்த அங்கத்தினரும் கூச வேண்டியதில்லை. முதலாளியிடம் கேட்பது யாசகமாகத் தோன்றலாம். சங்கத்தில் நீங்களே பங்குதாரர். உங்கள் வோட்டினால் நியமனம் பெற்றவர்களிடம் நீங்கள் ஓர் ஏற்பாட்டைக் கோருகிறீர்கள். வரும் மகாசபைக் கூட்டத்தில் எவரேனும் ஓர் அங்கத்தினர் எழுந்து இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ஆண் அங்கத்தினர் ஒருவர் அதை ஆமோதித்தால் இன்னும் நலம். தீர்மானப் புத்தகத்தில் நாலு வரி ஏறினால், அடுத்த பாவுக்காகக் காத்திருக்கும் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கும்.