ஹஸ்கியா, சிப்பிப்பாறையா... கரிசக்காட்டு வீட்டுக்கு எந்த நாய்?

மகனுக்குத் திருப்பூரில் வேலை. மகள் சென்னையில். மல்லாங்கிணறு வீட்டில் அம்மா மட்டும். "ராத்திரி துணைக்கு ஒரு நாய் கெடந்தா தேவலயில்ல?" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஆரம்பித்தால் போதும். அரை மணி நேரத்தில் பத்து போட்டோக்கள் வந்து விழும். நீலக்கண் ஹஸ்கி, மொசுமொசு பொமரேனியன், சப்பை மூக்கு பக், பார்த்தாலே மிரட்டும் ராட்வைலர். கடைசியில் யாருக்கு எந்த போட்டோ பிடித்ததோ, அதுவே முடிவாகிவிடும். அந்த நாய்க்குத் தினமும் சோறு வைத்து, சங்கிலியைக் கையில் பிடித்து நடக்கப்போகிற அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் விருதுநகர் மாவட்டத்தில் நடப்பதுதான் வேடிக்கை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இதே மாவட்டத்து ஊர்கள். இரண்டுமே நாய்களுக்குப் பெயர் கொடுத்த ஊர்கள். ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபணு வள அமைப்பு, நாய்களில் அதிகாரபூர்வமாகப் பதிவு செய்த முதல் மூன்று இனங்களில் இரண்டு இவைதான். மூன்றாவது, கர்நாடகத்தின் முதோல். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. 2020 ஆகஸ்ட் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் மோடி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நான்கு தமிழ்நாட்டு நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். வீட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு இருக்க, நாம் சைபீரியாவிலிருந்து நாய் தேடுகிறோம்.

அதற்காக, 'நாட்டு நாயை வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்றும் சொல்ல முடியாது. அதில் வேறு சிக்கல் இருக்கிறது. முதலில் வெயிலைப் பார்ப்போம்.

வெயில் கேட்கும் கேள்வி

மனிதர்களைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் அது உடல் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஹஸ்கிக்குப் பனியைத் தாங்க இரட்டை அடுக்கு ரோமம். சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மனிதர்களே வேப்பமர நிழலைத் தேடி ஓடும்போது, அது கம்பளியைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கும். பக்கின் பிரச்னை வேறு மாதிரி. மூக்கு சப்பையாக இருப்பதால் மூச்சுப்பாதையே குறுகல். இரைத்துச் சூட்டைத் தணிக்கும் வேலையே அதற்குச் சரியாக நடக்காது.

"ரூம்ல ஏ.சி. போட்டுக்குவோம்" என்பார்கள். மதியம் கரன்ட் போனால்? தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் போன்றவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாத இனங்களின் பட்டியலில் வைத்திருந்ததற்குக் காரணமே இந்தத் தட்பவெப்பம்தான். ஏற்கெனவே வளர்க்கிறவர்கள் பதற வேண்டாம். காலை ஆறரைக்குள் நடையை முடியுங்கள். கோடையில் ரோமத்தை ஒட்ட மழிக்காதீர்கள், அது தோலை நேரடி வெயிலில் விடுவதாகிவிடும். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால், அதன் பாதத்தையும் வைக்க விடாதீர்கள்.

சரி, நம்ம ஊர் நாய்?

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் வேட்டையாடும் ஓட்டக்கார நாய்கள். மோப்பத்தைவிடக் கண்தான் அவற்றுக்கு முக்கியம். நீண்ட முகம், ஒட்டிய வயிறு, குச்சிக் கால்கள். கறுப்பு உடம்பில் புருவத்துக்கு மேலும் கால்களிலும் பழுப்பு இருந்தால் கன்னி என்பார்கள். சந்தனம், சாம்பல் நிறங்களில் வருவதைச் சிப்பிப்பாறை என்பார்கள். இரண்டும் ஒரே வம்சம், நிறம்தான் வேறு என்று சொல்கிறவர்களும் உண்டு. கோவில்பட்டிப் பக்கம் கன்னியைக் காசுக்கு விற்க மாட்டார்கள், வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள், கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகவே கொடுப்பார்கள் என்றொரு வழக்கம் சொல்லப்படுவதுண்டு. விலங்கு நல ஆர்வலர்கள் இன்று கேட்கும் 'நல்ல வீடாகப் பார்த்துக் கொடுங்கள்' என்பதும் ஏறக்குறைய அதுதான்.

குட்டை ரோமம், மெலிந்த உடம்பு என்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும். விலா எலும்பு லேசாகத் தெரிவது அதன் இயல்பு. "சோறு போடுறதில்லையா?" என்று தெருவில் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம். மார்கழிக் குளிரில் மட்டும் ஒரு சாக்கு தேவைப்படும்.

சிக்கல் அதன் ஓட்டத்தில் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் எது ஓடினாலும் துரத்துவதற்கென்றே பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட நாய் அது. கோழி, ஆட்டுக்குட்டி, பூனை, சில சமயம் டிவிஎஸ் 50. வீட்டில் நாலு கோழி, பக்கத்து வீட்டில் கிடை ஆடு என்றிருந்தால் சின்ன வயதிலிருந்தே அவற்றோடு பழக்காமல் இந்த இனத்தைக் கொண்டுவருவது வில்லங்கம். காட்டில் அவிழ்த்து விட்டாலும் கவனம் தேவை. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் இந்தப் பக்கம் நிறைய. முயலைப் பார்த்து ஓடுகிற நாய்க்குக் கிணறு தெரியாது. முயல் என்றதும் இன்னொன்று: நாயை விட்டு முயல் பிடிப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'எங்க தாத்தா காலத்துல...' என்ற கதை வனத்துறையிடம் எடுபடாது.

ராஜபாளையம் வேறு ரகம். உயரமான, வெள்ளை வெளேரென்ற, ரோஜா நிற மூக்குள்ள காவல் நாய். வீட்டு ஆட்களிடம் குழந்தையாக இருக்கும். அந்நியரிடம் சட்டென்று ஒட்டாது. இந்தக் குணத்தைப் பெருமையாகச் சொல்லி, அதைப் பகல் முழுக்க ரெண்டடிச் சங்கிலியில் கட்டிப்போட்டால் என்னவாகும்? ஓட வேண்டிய உடம்பு ஓடாமல், ஆட்களைப் பார்த்துப் பழகாமல், எரிச்சலும் பயமும் கூடும். பிறகு ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக் கடித்துவிட்டால், 'இந்த இனமே ஆக்ரோஷம்' என்று பெயர். கொஞ்ச நாளில் அதை பைபாஸ் ரோட்டோரம் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். பழி நாய்க்கு, தப்பு சங்கிலிக்கு.

அம்மாவுக்கு எது?

தனியாக இருக்கும் அறுபது, எழுபது வயதுக்காரருக்கு ஆளை இழுத்துத் தள்ளும் நாய் பாதுகாப்பு அல்ல, இடுப்பெலும்புக்கு ஆபத்து. ராத்திரிக் காவலுக்குக் கடிக்கிற நாய் தேவையில்லை, குரைக்கிற நாய் போதும். அந்த வேலையைத் தெருவில் பிறந்த சாதாரண நாட்டு நாய் அருமையாகச் செய்யும். நடுத்தர உடம்பு, இந்த ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்தது, தீனிச் செலவும் கம்மி. அதிலும் குட்டியைவிட, ஒன்றிரண்டு வயதான, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய் உத்தமம். குணம் அப்போதே தெரிந்துவிடும். செருப்பைக் கடிப்பது, வீட்டுக்குள் மூத்திரம் போவது போன்ற கூத்துகளும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அந்தத் தெருவிலேயே அம்மா கையால் மிச்சச் சோறு தின்று பழகிய நாய் ஒன்று நிச்சயம் இருக்கும். அது ஏற்கெனவே அம்மாவைத் தேர்வு செய்துவிட்டது, பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை.

தோட்டமும் சுற்றுவேலியும் உள்ளவர்கள், தினமும் ஒரு மணி நேரம் நாயோடு ஓடவோ சைக்கிள் மிதிக்கவோ ஆள் உள்ளவர்கள், தாராளமாகச் சிப்பிப்பாறை, கன்னி பக்கம் போகலாம். வரிசை வீடு, பொதுச்சுவர், ஒரே முற்றம் என்றால் வேண்டாம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் எந்த இனமாக இருந்தாலும் நாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும். அதே ஆண்டு மார்ச்சில், ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களுக்குத் தடை கேட்டு மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் ஏப்ரலில் ரத்து செய்தன. சட்டச் சண்டை எப்படிப் போனாலும், பலசாலி நாயைக் கையில் பிடிக்கத் தெரியாதவர் பலசாலி நாயை வாங்கக் கூடாது என்பதில் சண்டைக்கு இடமே இல்லை.

இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெடிச் சத்தம். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கறுப்பியாக வந்து எல்லோரையும் அழவைத்த நாய், 2024 தீபாவளி சமயத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி வாகனத்தில் அடிபட்டு இறந்ததாகச் செய்தி வந்தது. ஓட்டக்கார நாய் மிரண்டால் நிறுத்த முடியாது. திருவிழா, தீபாவளி, கட்சி ஊர்வலம் என்றால் முன்கூட்டியே உள்ளறையில் விட்டு, ஃபேனையும் டிவியையும் சத்தமாக ஓடவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதியிருக்கட்டும்.

குட்டி வாங்கப் போகும்போது

வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம் ஆகிவிடாது. தாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் உறுமிக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் இருந்தால் குட்டியும் அப்படி வர வாய்ப்பு அதிகம். தகப்பன் எந்த வீட்டு நாய் என்றும் கேளுங்கள். எண்ணிக்கை குறைந்த இனங்களில் அண்ணன், தங்கையையே சேர்த்துவிடுவது நடக்கிறது.

ராஜபாளையத்தில் ஒரு சோதனை கட்டாயம். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மையும் வரும். குட்டி உங்களைப் பார்க்காதபோது, அதன் தலைக்குப் பின்னாலிருந்து கை தட்டுங்கள். காது விறைக்கிறதா, திரும்புகிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் வேண்டாம், மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். தனியாகத் தூக்கி வந்து சோதியுங்கள். செவிட்டுக் குட்டியையும் கை ஜாடையில் பழக்கி வளர்க்கலாம்தான். ஆனால் அது தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதி. 'முப்பது நாள் குட்டி, புட்டிப்பாலில் பழகிடும்' என்று நீட்டுகிறவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். தாயோடும் கூடப்பிறந்ததோடும் கடித்து விளையாடும் அந்த வாரங்களில்தான் 'இவ்வளவுதான் கடிக்கலாம்' என்ற அளவை அது கற்றுக்கொள்கிறது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான முதல் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூஸ்டர். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலேயே இதைக் கேட்கலாம், அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது. வீட்டு நாயே ஆனாலும் பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய பாக்கெட் தீனி வாங்கியாக வேண்டும் என்பதில்லை. கம்பஞ்சோறும் கேப்பைக் களியும் தின்று வளர்ந்த வம்சம்தான். ஆனால் வெறும் தயிர்சோறு போதாது, முட்டையோ கோழியோ சேர வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு கூடாது.

குட்டி வாங்கும் வீட்டில், தாய் படுத்துக் கிடந்த சாக்குத் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். முதல் மூன்று, நாலு ராத்திரி குட்டி விடாமல் அழும். அந்தச் சாக்கை விரித்து, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தால் அழுகை சீக்கிரம் அடங்கும்.