கிழக்கேகோட்டையில் இரண்டு நாள்: பணக் கணக்குக்கு முன் நேரக் கணக்கு

பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் உள்ள வீட்டில் வார இறுதிப் பயணம் என்ற பேச்சு எழுந்தவுடன் இரண்டு கருத்துகள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. “பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும், இப்போது போனால் அலைச்சலும் செலவும்தான்” என்பார் வீட்டுப் பெரியவர். “ஆண்டு முழுவதும் வேலைதானே, இரண்டு நாளாவது வெளியே போக வேண்டாமா?” என்பார் இளையவர். இரண்டிலும் நியாயம் உண்டு. எங்கள் வீட்டிலும் இந்த வாதம் நடந்தது. ஒரு பயணத்தில் தோற்று, அடுத்ததில் ஓரளவு தேறிய பிறகு, நாங்கள் வந்தடைந்த முடிவை இங்கே முன்வைக்க விரும்புகிறோம். சிறு குழந்தைகளோடு புறப்படுவோர் முதலில் நேரத்தைக் கணக்கிட வேண்டும். பணத்தை அதன் பிறகு கணக்கிட்டால் போதும்.

முதல் பயணம் கற்பித்தது

எங்கள் முதல் பயணம் ஒரு மலை வாசத்தலத்துக்கு. மூத்த குழந்தைக்கு அப்போது மூன்று வயது. இளையவளுக்கு ஆறு மாதம். வாடகை குறைவு என்பதற்காக ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி அறை எடுத்தோம். அந்த மலிவு அறையே எல்லாச் செலவுக்கும் வாசலாயிற்று. ஒவ்வொரு வேளை உணவுக்கும் வாடகைக் கார். வந்த காருக்குக் கொடுக்கும் பணம் வீணாகக் கூடாதே என்று ஒரு நாளில் நான்கு இடங்கள். நண்பகல் உறக்கம் தவறிய குழந்தைகள் மாலையில் அழுதார்கள். இரண்டாம் நாள் மூத்தவனுக்குக் காய்ச்சல். கையிருப்பு தீர்ந்ததும் கடன் அட்டையை நீட்டினோம். ஊர் திரும்பிய பின் மூன்று மாதங்கள் தவணை கட்டினோம்.

இதைவிட ஒன்று எங்களை உறுத்தியது. படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருவர் ஏறத்தாழ எந்தப் படத்திலும் இல்லை என்பதைக் கவனித்தோம். அவர் அந்நேரங்களில் அறையில் பால் புட்டியைக் கொதிநீரில் கழுவிக்கொண்டோ, ஈரத் துணிகளை உலர்த்திக்கொண்டோ இருந்தார். நான்கு பேருக்கான விடுமுறை என்று சொல்லிக்கொண்டோம். அவருக்கு அது விடுமுறையாக இருக்கவில்லை. அந்தப் பயணத்தின் உண்மையான நட்டம் அதுவே; அதை எந்தத் தவணையாலும் அடைக்க முடியாது.

ஏன் கிழக்கேகோட்டை?

ஓராண்டு கழித்து மீண்டும் திட்டமிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். பார்க்கும் இடம், உண்ணும் இடம், உறங்கும் இடம் மூன்றும் நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். நெல்லைச் சீமையில் வாழும் எங்களுக்கு அந்த நிபந்தனைக்குப் பொருந்திய இடம் திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை.

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் ரயிலில் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகச் செல்லும் இன்டர்சிட்டி விரைவு வண்டி பகலிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தம்பானூரில் உள்ள சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டை ஒரு கிலோமீட்டர் அளவே. கோட்டை வாயிலுக்குள் சென்றால் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம், பத்மதீர்த்தக் குளம், குதிரைமாளிகை. வாயிலுக்கு வெளியே பழவங்காடி கணபதி கோயில், காந்தி பூங்கா, நகரப் பேருந்துகள் புறப்படும் நிலையம், சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய அக்கடைத்தெருவில் தமிழ் வணிகர்கள் பலர் உண்டு. குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமென்று தமிழிலேயே கேட்கலாம்.

நேரக் கணக்கு

நாலு வயதுக் குழந்தை ஓர் இடத்தை ஆர்வத்தோடு பார்ப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காலை எட்டு முதல் பதினொன்று வரையும், மாலை நான்கு முதல் ஏழு வரையும் நல்ல பொழுது. இடைப்பட்டது உறக்கத்துக்கும் உணவுக்கும் உரியது. ஆகவே ஒரு நாளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டே இடங்கள் என்று வரையறுத்தோம். வெள்ளி மாலை வந்து ஞாயிறு பகலில் திரும்பும் பயணத்தில் மொத்தம் நான்கு இடங்கள். இந்த வரம்பை எழுதி முடித்தபோதே முந்தைய பயணத்தின் பாதிச் செலவு பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது.

நாள் தேர்வும் இக்கணக்கில் அடங்கும். மிருகக்காட்சிசாலை, நேப்பியர் அருங்காட்சியகம், குதிரைமாளிகை ஆகியவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நீண்ட வார இறுதியில் திங்களை நம்பிச் செல்வோர் ஏமாறுவர். பிப்ரவரி–மார்ச்சில் வரும் ஆற்றுகால் பொங்கலின்போது இலட்சக்கணக்கான பெண்கள் நகரத் தெருக்களில் பொங்கலிடுவார்கள். ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களின் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதால் அன்று சில மணி நேரம் விமானங்களே நிறுத்தப்படுகின்றன. இவை காண வேண்டிய விழாக்கள்தாம். ஆனால் கைக்குழந்தையோடு முதல் முறை செல்வோர் இந்நாள்களையும் ஓண வாரத்தையும் தவிர்ப்பது நலம். ஜூனில் தொடங்கும் பருவமழையும் ஐப்பசி மழையும் நினைவில் இருக்கட்டும்.

பணக் கணக்கு

முந்தைய ஆண்டே மாதம் 1,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தோம். கையில் வந்த அசல் 12,000 ரூபாய். வட்டியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். இரண்டு இரவு தங்குவதற்கு 5,000, உணவுக்கு 2,500, ரயிலுக்கும் நகருக்குள் போக்குவரத்துக்கும் 2,000, நுழைவுக் கட்டணத்துக்கும் சிறு வாங்கல்களுக்கும் 1,000, எதிர்பாராச் செலவுக்கு 1,500 எனப் பிரித்தோம். இவை எங்கள் வசதிக்கு நாங்கள் வகுத்துக்கொண்டவை. வாசகர் தத்தம் வருவாய்க்கேற்பத் தொகையை மாற்றிக்கொள்ளலாம்; பங்கீட்டின் முறையை மாற்ற வேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம்.

இதில் அறைக்கு ஒதுக்கியது மிகுதி என்று தோன்றலாம். அதை நாங்கள் அறிந்தே செய்தோம். நடுப்பகலில் பத்து நிமிடத்தில் நடந்து திரும்பக்கூடிய, மின்தூக்கி உள்ள, கெட்டிலில் நீர் கொதிக்க வைக்கக்கூடிய அறையே சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்கு மலிவான அறை. தொலைவில் உள்ள அறை மிச்சப்படுத்தும் தொகையை ஆட்டோக்கள் மாலைக்குள் வாங்கிக்கொண்டுவிடும். குழந்தையின் பகல் உறக்கமும் போய்விடும்.

ரயிலிலும் அவ்வாறே. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குப் பயணச்சீட்டு தேவையில்லை. ஆனால் தனி இருக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும். இலவசம் என்பதற்காக இரு குழந்தைகளையும் பல மணி நேரம் மடியில் வைத்துச் செல்வதை விட, மூத்தவனுக்கு ஓர் இருக்கை வாங்குவது நல்ல செலவு என்றே கருதினோம். மறுபுறம் சிக்கனத்துக்கும் இடம் இருந்தது. கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையின்றி வேட்டியிலும், பெண்கள் சேலையிலோ முண்டிலோ செல்வது வழக்கம். வீட்டிலிருந்தே வேட்டிகளை எடுத்துச் சென்றதால் அங்கே வாங்கும் தேவை எழவில்லை. பழைய பருத்திச் சேலை ஒன்று ரயிலில் திரையாகவும், பூங்காவில் விரிப்பாகவும், வெயிலில் குடையாகவும் பயன்பட்டது. குழந்தைத் தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுச் சென்றோம். சாலைக் கடைத்தெருவின் நெரிசலில் அது சுமையாகவே இருந்திருக்கும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இட்டிலி, இடியாப்பம், ஆப்பம், ஆவியில் வெந்த நேந்திரம்பழம் ஆகிய நான்கும் எளிய உணவகங்களிலேயே கிடைக்கும் ஊரில் குழந்தை பசித்திருக்காது.

சனிக்கிழமை

காலையில் நகரப் பேருந்தில் மிருகக்காட்சிசாலைக்குச் சென்றோம். 1857-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தை ஒட்டிய அவ்வளாகத்தில் மரநிழல் தாராளம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த ராபர்ட் சிசோமே இங்குள்ள நேப்பியர் அருங்காட்சியகக் கட்டடத்தையும் வடிவமைத்தவர். அது 1880-இல் நிறைவுற்றது. அதன் உள்ளே செல்ல வேண்டுமென்ற ஆசை எங்களுக்கு இருந்தது. ஆனால் மணி பதினொன்றை நெருங்கியது. இளையவள் கண்ணைக் கசக்கினாள். வெளியிலிருந்தே பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினோம். ஒதுக்கிய நேரம் முடிந்ததும் எழுந்துவிடுவது பணத்தை எண்ணிச் செலவிடுவதை விடக் கடினம் என்று அப்போது தெரிந்தது.

மாலையில் குதிரைமாளிகை. இசைவாணராகிய மன்னர் சுவாதித் திருநாள் 1840-களில் கட்டிய அம்மாளிகையின் கூரை விளிம்பைத் தாங்குவன போல 122 மரக் குதிரைகள் செதுக்கப்பட்டுள்ளன. இருபது வரை மட்டுமே எண்ணத் தெரிந்த மூத்தவன், இருபது வந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி வாயில்வரை எண்ணிக்கொண்டே வந்தான்.

வெளியே வந்தபோது பத்மதீர்த்தத்தின் எதிரே உள்ள பழைய மாளிகையின் உச்சியில் மேத்தன் மணியைப் பார்த்தோம். தாடி வைத்த மனித முகம் ஒன்றும், அதன் இருபுறமும் இரண்டு ஆட்டுக்கிடாய்களும் அமைந்த பழங்காலக் கடிகாரம் அது. மணி அடிக்கும்போதெல்லாம் முகம் வாயைத் திறக்கும். கிடாய்கள் இரண்டும் வந்து கன்னத்தில் முட்டும். நாங்கள் நின்ற நேரத்தில் மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. “இங்கே உட்காருங்கம்மா, இப்போ அடிச்சிரும்” என்று பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி தமிழிலேயே இடம் காட்டினார். மணி அடித்தது, கிடாய்கள் முட்டின. மூத்தவன் வாய்விட்டுச் சிரித்தான். ஏனென்று தெரியாமலே இளையவளும் சிரித்தாள். “இன்னொரு தடவை” என்றான் அவன். இன்னொரு தடவைக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எங்கள் பட்டியலில் அடுத்து எதுவும் இல்லாததால் காத்திருந்தோம். குளக்கரையில் பழைய சேலை விரிந்தது. நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் பிரிந்தது. முதல் பயணத்தில் புட்டி கழுவிக்கொண்டிருந்தவர் அந்த ஒரு மணி நேரமும் மடியில் எந்த வேலையுமின்றிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அந்தக் காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் பட்டியலில் இன்னோர் இடம் இருந்திருந்தால் அது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கோயில் தரிசனத்தை ஞாயிறு அதிகாலையில் ஒருவர் மாற்றி ஒருவராக முடித்தோம். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் உறங்கும் பிள்ளைகளோடு அறையில் இருந்தார். பிறகு பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய். ரயில் ஏறுமுன் தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸில் சிற்றுண்டி. செங்கலால் ஆன அச்சுருள் கட்டடத்தில் தளமே சாய்வாக மேலே ஏறிச் செல்வதால், மூத்தவனுக்கு அது ஐந்தாவது காட்சியாயிற்று.

சொல்ல விரும்புவது

இப்பயணத்தில் நாங்கள் பார்க்காமல் விட்டவை மிகுதி. கோவளம் செல்லவில்லை, வேளியில் படகு ஏறவில்லை, சங்குமுகத்தில் கானாயி குஞ்ஞிராமனின் சாகரகன்யகைச் சிலையைக் காணவில்லை. “இவ்வளவு தூரம் போய்விட்டு இதைப் பார்க்கவில்லையா?” என்று உறவினர் கேட்டனர். அக்கேள்விக்கு அஞ்சித்தான் பல குடும்பங்கள் பட்டியலை நீட்டுகின்றன என்று நினைக்கிறோம். கடற்கரை எங்கும் போய்விடாது. குழந்தைகள் வளர்ந்த பின் மீண்டும் செல்லலாம்.

பொறுப்பில் இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது நல்ல தொடக்கம். அத்தகைய அறைகள் அருங்காட்சியகம், பூங்கா, கோயில் சுற்றுப்புறம் எங்கும் வேண்டும். திறந்தும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். பாலூட்டவும் துணி மாற்றவும் ஓரிடம் இருந்தால் எளிய குடும்பங்கள் அதற்காகவே உணவகத்தில் இடம் தேடிப் பணம் செலவிட வேண்டியிராது.

எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய 1,500 ரூபாயை நாங்கள் தொடவில்லை. குழந்தைகளுக்கான அரசு எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்குச் செல்லும் வழியைப் புறப்படுமுன்பே எழுதி வைத்திருந்தோம், அதுவும் தேவைப்படவில்லை. மீந்த தொகையோடு அடுத்த தொடர் வைப்பைத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை எந்த ஊர் என்று மூத்தவனிடம் கேட்டோம். ஆடு முட்டும் கடிகாரம் உள்ள ஊர் என்றான்.